டபிள்யூசார்-டியோடு குப்பை கொட்டிய அனுபவம்

விண்டோஸில் விஷுவல் சி++ கொண்டு எழுதிய பழைய நிரல் ஒன்றை லினக்ஸில் ஜிசிசி கம்பைலருக்குக் கொண்டுபோய், பல வருடமாக இரண்டு பக்கமும் ஓடும்படி பராமரித்து வருகிறேன். அதிகம் படுத்தியது எது என்று கேட்டால், யோசிக்காமல் டபிள்யூசார்-டி (wchar_t) என்பேன். சி++-இல் ஆங்கிலம் தாண்டிய எழுத்துகளையும் வைக்க உள்ள அகலமான எழுத்து வகை அது.

விண்டோஸில் அது 16 பிட், லினக்ஸில் 32. கம்பைல் ஆகும்போது ஒரு எச்சரிக்கையும் வராது. குட்டு வெளிப்படுவது ஃபைலைத் திறக்கும்போதுதான். பழைய நிரல் வைட் ஸ்ட்ரிங்கை, அதாவது இந்த வகை எழுத்துகளின் வரிசையை, நினைவகத்தில் உள்ளபடியே ஃபைலில் கொட்டி வைத்திருந்தது. லினக்ஸில் படித்தால் இரண்டிரண்டு எழுத்தாக ஒட்டிக்கொண்டு, யூனிகோடிலேயே இல்லாத எண்கள் வரும். இப்போது ஃபைலைப் படிக்கும் இடத்தில் மட்டும் சி++11 (2011-இல் வந்த சி++ தரம்) தந்த சார்16-டி வகையைப் பயன்படுத்துகிறேன். அது எங்கும் 16 பிட் யூனிட்தான்.

ஜிசிசியில் டபிள்யூசார்-டியை 16 பிட் ஆக்க ஒரு சுவிட்ச் உண்டு. ஆசை காட்டும், தொடாதீர்கள். கூட வரும் சி லைப்ரரி 32 பிட்டை நம்பிக் கட்டியது. ஸ்ட்ரிங்கின் நீளம் கேட்டால் முடிவைத் தாண்டி ஓடிவிடும்.

விண்டோஸுக்குள்ளேயும் வம்பு உண்டு. விஷுவல் சி++ 6-இல் இது தனி வகையே அல்ல, அன்சைன்ட் ஷார்ட்டுக்கு இன்னொரு பெயர். 2005 பதிப்பில் தனி வகையே இயல்பாகிவிட்டது. பழைய முறையில் கட்டிய லைப்ரரியைச் சேர்த்தால், ஃபங்ஷன் கண்ணெதிரே இருக்கும்போதே, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் அது இல்லை என்று சாதிக்கும். அப்புறம், எழுத்தை வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப். அதன் வைட் வடிவத்தில் %எஸ் போட்டால் விஷுவல் சி++ வைட் ஸ்ட்ரிங்கை எதிர்பார்க்கும், ஜிசிசி பக்கம் சாதா ஸ்ட்ரிங்கை. %எல்எஸ் போட்டால் இரண்டுக்கும் ஒரே பொருள்.

கடைசியில் உள்ளே முழுக்க யூடிஎஃப்-8 (யூனிகோடை 8 பிட் யூனிட்களில் எழுதும் முறை), சாதா ஸ்ட்ரிங் என்று மாற்றினேன். விண்டோஸ் ஏபிஐயைக் கூப்பிடும் இடத்தில் மட்டும், 16 பிட் யூனிட்களில் எழுதும் யூடிஎஃப்-16. போக ஒரு ஃபங்ஷன், வர ஒரு ஃபங்ஷன், அதுவும் நாமே எழுதியது. இந்த மாற்றத்துக்கென்று சி++11-இல் வந்த கோட்கன்வெர்ட் (codecvt) வசதியை நம்பியிருந்தால் சி++17-இலேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். விஷுவல் சி++-க்கு யூடிஎஃப்-8 சுவிட்ச் கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் யூனிகோட் என்று காட்டும் அடையாளம்) இல்லாத சோர்ஸ் ஃபைலை அது உள்ளூர் கோட்பேஜில் (விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டில்) படித்து, வைட் லிட்டரலில் (நிரலிலேயே எழுதிய வைட் ஸ்ட்ரிங்கில்) உள்ள தமிழைக் குதறிவிடும்.

எழுத்தெண்ணிக்கை கஷ்டமாகுமே என்பார்கள். தமிழில் ‘கி’ 32 பிட்டிலும் இரண்டு யூனிட்தான் (க, பிறகு இகரக் குறி), சரி, அதில் என்ன லாபம்?

இன்னும் உறுத்துவது தமிழ்ப் பெயருள்ள ஃபைல்கள். ஃபைல்சிஸ்டம் லைப்ரரியில் இருந்த, யூடிஎஃப்-8 பெயரை ஏற்கும் யூ8பாத்தையும் சி++20 ஓரங்கட்டிவிட்டது. விண்டோஸில் மட்டும் பெயரை வைட் ஸ்ட்ரிங்காக மாற்றியே கொடுக்கிறேன்.