டான்ஸுக்கோ, நாடகத்துக்கோ? கொழும்பு வியர்வையில் மூன்று வகை ஒப்பனைப் பூச்சு

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ ஒப்பனைச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தால் முதற் கேள்வி “டான்ஸுக்கோ?” என்பதுதான். அதில் பிழை சொல்ல முடியாது. அரங்கேற்றங்கள்தான் அந்தக் கடைகளுக்குச் சோறு போடுகின்றன. நாடகக்காரர் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்க்கிற ஆட்கள். ஆனால் யோசிக்காமல் “ஓம்” என்று தலையாட்டினால் கைக்கு வருவது ரோஸ் கலந்த வெளிர் பூச்சு, பளபளக்கும் கன்னச் சிவப்பு, மினுக்கத் தூள். பரதத்துக்கு அது சரி. தபால்காரரும் கடன்காரரும் அதே முகத்தோடு மேடைக்கு வந்தால் ரம்பை ஊர்வசி கதைதான் நடக்கும்.

நாடகத்துக்கு உதவக்கூடியவை மூன்று வகை. மெழுகும் எண்ணெயும் சேர்ந்த குச்சி அல்லது டப்பிப் பூச்சு, அதாவது கிரீஸ் பெயின்ட். ஈரப் பஞ்சால், அதாவது ஸ்பொன்ஜால், தேய்த்தெடுக்கும் வில்லை. பான்கேக் என்று பொதுவாகச் சொல்வது. மூன்றாவது, வெள்ளைத் தூளையும் காவியையும் தேங்காய் எண்ணெயில் குழைத்து நாமே செய்துகொள்வது. இவற்றை விலையால் அளப்பதை விட ஒரு கேள்வியால் அளப்பது நல்லது: மின்விசிறி மட்டும் சுழலும் பாடசாலை மண்டபத்தில், 30 பாகை வெக்கையில், இரண்டு மணித்தியாலம் முகத்தில் நிற்குமா?

வீட்டுக் கலவையில் தொடங்கலாம், மலிவு அதுதான். நடிக்கப் போவதை இன்றைக்கும் ‘அரிதாரம் பூசுவது’ என்கிறோம். அசல் அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், சுத்த நஞ்சு. ஐரோப்பிய நடிகர்களும் ஒரு காலத்தில் ஈய வெள்ளையைத்தான் பூசினார்கள். பெர்லினில் லைக்னர் என்ற ஓப்பரா பாடகர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயமில்லாத குச்சிகளைச் செய்து விற்ற பிறகுதான் அந்த வழக்கம் ஒழியத் தொடங்கியது. ஆகவே முத்துவெள்ளை என்று பொட்டலம் கட்டித் தரும் தூளின் பெயர் எங்கும் எழுதியிராவிட்டால் வாங்க வேண்டாம். பாமசியில் சிங்க் ஒக்சைட் என்று கேட்டு வாங்குங்கள். காவிக்கு ஒப்பனைக்கென்று விற்கும் இரும்பு ஒக்சைட் தூள் எடுங்கள்; சுவருக்கு அடிக்கிற நிறத்தூள் ஆகாது.

கலவையின் உண்மையான குறை நஞ்சு அல்ல, எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையிலேயே உருகிவிடும். கொழும்பில் அது போத்தலில் கட்டியாக இருப்பதைக் காண்பதே அரிது. முகத்தில் எப்படிக் கட்டிப்படும்? அரை மணித்தியாலத்தில் வெள்ளை புருவத்துக்குள் இறங்கும், மூக்கின் இரு பக்கமும் கோடு கட்டும். நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்துச் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி, அதில் தூளைப் போட்டுக் குழைத்து ஆறவிட்டால் நிலைமை நன்றாக மாறும். தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கம் திறந்த வெளியில் இரவுக் கூத்துப் போடுகிறவர்களுக்கு இந்தக் கலவை போதும். அழுத்தமான நிறம், தூரத்துப் பார்வை, ராஜா ராஜாவாகத் தெரிந்தால் சரி. சமூக நாடகத்துக்கு ஆகாது. நிறத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிக் குழைக்க யாராலும் முடியாது.

பான்கேக் சினிமாவில் பிறந்த பிள்ளை. 1930களின் பிற்பகுதியில் வண்ணப் படங்களுக்காக மாக்ஸ் ஃபாக்டர் ஒப்பனை நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு ‘பான்கேக்’ என்ற அதன் விற்பனைப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. இப்போது நாடகத்துக்கென்று கேட்டால் பெர்லின் கிரையோலான் நிறுவனத்தின் அக்வாகலர் போன்ற நீர் வில்லைகளைக் காட்டுவார்கள். வேகம்தான் இதன் பலம். பஞ்சை நனைத்துப் பிழிந்து, வில்லையில் இரண்டு சுற்று, முகத்தில் ஒரே திசையில் இழுப்பு. மூன்று நிமிடத்தில் ஒரு முகம் முடியும். பாரம் தெரியாது, சவர்க்காரம் போட்டால் போய்விடும், உடுப்பில் பட்டாலும் கழுவலாம். சிறுவர் நாடகத்துக்கும், கை கால் முதுகுக்கும் இதைவிட நல்லது இல்லை. பிழை வருவது பஞ்சில்தான். தண்ணீர் கூடினால் பட்டை பட்டையாகக் காயும், குறைந்தால் தோல் உரிந்த மாதிரித் திட்டுத் திட்டாக நிற்கும். பிழிந்த பஞ்சை உள்ளங்கையில் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டு விழக் கூடாது.

வியர்வைக்கு முன்னால் இது சரணடைந்துவிடும். நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கினால் அது போன பாதையில் சொந்தத் தோல் தெரியும். அந்தக் கோட்டை மறைக்க மேலே இன்னொரு தரம் பூசினால் ஓரங்கள் கரைந்து வரைபடம் மாதிரி ஆகும். குளிரூட்டிய அரங்கில், உதாரணத்துக்கு லயனல் வென்ட்டில் போடுகிறீர்கள் என்றால் பயமில்லாமல் பாவிக்கலாம். மின்விசிறி மண்டபத்தில், ஓடி விழுந்து சண்டை போடும் பாத்திரத்துக்கு வேண்டாம்.

மிஞ்சுவது கிரீஸ் பெயின்ட். கிரையோலானின் சுப்ராகலர் டப்பியும் டீவி பெயின்ட் ஸ்டிக் குச்சியும் இந்த வகைதான். கொழும்புக்கு எமது தெரிவு குச்சி. வியர்வை அதனுள் கலக்காது, மேலால் மணி மணியாக நிற்கும். லேஞ்சியால் ஒற்றி எடுத்தால் பூச்சு அசையாது. ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. இந்த ஒரு பாடத்தை நடிகருக்குப் படிப்பிக்க ஒரு முழு ஒத்திகை போகும்.

பூசும் முறை. முகத்தைச் சவர்க்காரத்தால் கழுவித் துவாயால் ஒற்றி, லேஞ்சியில் சுற்றிய ஐஸ் கட்டியை நெற்றி, மேலுதடு, கழுத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பத்து நிமிடம் மின்விசிறிக்கு முன்னால் இருத்துங்கள். பிறகு நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடி என்று ஐந்து இடத்தில் கொத்தமல்லி விதை அளவு தொட்டு வைத்து, உலர்ந்த பஞ்சால் வெளிப்பக்கம் இழுத்துப் பரப்புங்கள். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் ஒன்றுமில்லாமல் மறைய வேண்டும். பூச்சு தடித்தால்தான் தெரியும் என்பது பெரிய மயக்கம். தடித்த பூச்சுத்தான் முதலில் வழுக்கும்.

அடுத்தது பவுடர். மூன்று வகையிலும் கெட்டுப்போகிற இடம் இதுதான், பூச்சுக்குக் காசைக் கொட்டிவிட்டு பவுடரில் மிச்சம் பிடிக்கிறார்கள். பேபி பவுடர் மாநிறத் தோலில் சாம்பல் பூக்கும். மேடை விளக்கில் எல்லோரும் காய்ச்சல்காரர் மாதிரித் தெரிவார்கள். நிறமில்லாத செட்டிங் பவுடர், இல்லாவிட்டால் தோலுக்குப் பொருந்தும் மஞ்சள் சாயல் பவுடர் வாங்குங்கள். பஃபில் எடுத்து, இரண்டாக மடித்து உரசி உள்ளே போக விட்டு, முகத்தில் அழுத்துங்கள். தேய்த்தால் கீழே உள்ளது பெயரும். இரண்டு நிமிடம் விட்டு, மென்தூரிகையால் மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். கண்ணிமை, மூக்கோரம், மேலுதடு மூன்றையும் மறந்தால் அங்கேதான் முதலில் எண்ணெய் மினுங்கும்.

நிறத் தெரிவைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் முன்வரிசையில் இருப்பது வெளிர் நிறங்கள். வாங்குகிறவரும் இரண்டு படி வெளிறியதையே எடுக்கிறார். கழுத்துக்கு மேலே ஓர் ஆள், கீழே இன்னோர் ஆள். கை தூக்கிப் பேசும்போது மூன்றாவது ஆளும் வந்துவிடுகிறார். முகமும் கழுத்தும் சேரும் தாடை ஓரத்தில் மூன்று நிறத்தைக் கோடு போட்டுப் பாருங்கள். எது காணாமற் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு மாநிறம், கறுப்பு, இவற்றுக்கு நடுவில் ஒன்று என மூன்று குச்சி போதும், கலந்து கலந்து சமாளிக்கலாம். தோல் கறுப்பைப் ‘பிழை’ மாதிரித் திருத்துகிற பழக்கத்தை மேடையில் இருந்தாவது எடுத்துவிடுங்கள்.

நிறத்தை ஒப்பனை அறை டியூப் லைட்டில் முடிவு செய்யவும் கூடாது. பழைய ஹலோஜன் விளக்கின் மஞ்சள் ஒளி தோலுக்கு உயிர் கொடுக்கும். மலிவான எல்ஈடி வெள்ளை அதே முகத்தை வெளிறச் செய்யும், கன்னத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்புக் கேட்கும். இரவுக் காட்சிக்கு முழு நீலம் போட்டால் சிவப்பு உதடு கறுப்பாகிவிடும். முழுச் சிவப்பு ஒளியில் அந்த உதடே காணாமற் போகும். ஆகவே உதட்டுக்குச் சுத்தச் சிவப்பை விட்டுச் செங்கபிலம் எடுங்கள். விளக்கு ஒத்திகையன்று இரண்டு பேருக்காவது முழு ஒப்பனை போட்டு, கடைசி வரிசைக் கதிரையில் இருந்து பாருங்கள். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்திலும் வென்ட் அரங்கிலும் அந்தக் கடைசி வரிசை ஒரே தூரத்தில் இல்லை. ஒரே நாடகத்தை இரண்டு இடத்தில் போட்டால் ஒப்பனையும் இரண்டு.

கிழவர் வேடத்தில் கறுப்புப் பென்சிலால் நெற்றிக் கோடு கீறுவது இன்னும் சாகாமல் இருக்கிறது. பத்து அடியில் அது புலிவரி. நடிகரை நெற்றியைச் சுருக்கச் சொல்லி, மடிப்பு விழும் பள்ளத்தில் மட்டும் கடும் கபில நிறத்தை மெல்லிசாக வைத்து, அதன் மேல் ஓரத்தில் ஒரு படி வெளிர் நிறம் வைத்து விரலால் மறையுங்கள். நரைக்குப் பவுடர் கொட்டினால், மகன் முதுகில் தட்டும் உருக்கமான கட்டத்தில் ஒரு வெண்புகை எழும்பும், சபை விழுந்து விழுந்து சிரிக்கும். வெள்ளைக் கிரீஸ் பெயின்ட்டைப் பழைய பல்துலக்கியில் தொட்டு, காதோர முடியில் இழுத்தால் போதும்.

தாடி மீசைக்கு வாங்கும் கிரேப் முடி கயிற்றில் பின்னி வரும் கம்பளி. அவிழ்த்து நனைத்து, இரண்டு கதிரைக் கால்களுக்கு இடையில் இழுத்துக் கட்டி ஓர் இரவு காயவிட்டால் சுருள் போகும். ஒட்டுவதற்கு ஸ்பிரிட் கம். மதுசாரத்தில் கரைத்த பிசின்தான் அது. தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சி போடும் குழுக்களுக்கு ஒரே மேடையில் பன்னிரண்டு சீடர் தாடி, அதுவும் மார்ச், ஏப்ரல் வெக்கையில். தாடி கழன்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பசை அல்ல, பசைக்குக் கீழே உள்ள பூச்சு. தாடி வரும் இடத்தில் கிரீஸ் பெயின்ட் படவே கூடாது. அந்த இடத்தைச் சேர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்து, பசையை மெல்லிசாகப் பூசி, விரலால் தட்டும்போது நூல் இழுக்கும் வரை பொறுங்கள். நாடியின் அடியில் தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாக வைத்து, ஈரத் துணியால் அழுத்துங்கள். விரலால் அழுத்தினால் முடி விரலோடு வரும். மீசையை நடுவில் வெட்டி இரண்டு துண்டாக ஒட்டினால் பேசும்போது உதடு இழுத்தாலும் கிளம்பாது. சூப்பர் குளூ பாவித்துப் பார்ப்போமா என்று யாராவது கேட்டால் அவரை ஒப்பனை அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

நேரக் கணக்கு: தாடிக்காரருக்கு 30 நிமிடம், மற்றவருக்கு 12. பன்னிரண்டு பேரில் நாலு தாடி என்றால் மொத்தம் 216 நிமிடம். இரண்டு பேர் கை வைத்தாலும் இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். பசைக்கு நேரம் வேண்டும் என்பதால் தாடிகளை முதலில் முடியுங்கள். தலைவழி போடும் உடுப்பு என்றால் உடுப்பு முன்னால், ஒப்பனை பின்னால், கழுத்தில் துவாய்.

விலை டொலரோடு ஏறி இறங்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு, முழுப் பெட்டியை ஒரு குழு தனியாக வாங்குவது பெரிய செலவு. இரண்டு மூன்று குழு சேர்ந்து வாங்குவது புத்தி. ஆனால் பஞ்சையும் கண்மையையும் பகிர வேண்டாம், ஒருவருடைய கண்நோய் மறுநாள் முழு நடிகர் பட்டியலுக்கும் வரும். உதட்டுச் சாயத்தைச் சிறு கரண்டியால் சுரண்டி எடுத்துத் தனித்தனித் தூரிகையால் போடுங்கள். வாங்கும்போது தொகுதி எண் அச்சிட்டிருக்கிறதா, மூடி முத்திரையோடு இருக்கிறதா என்று பாருங்கள்; நல்ல பெயர்களுக்குப் போலிகள் உண்டு. புதிதாக வாங்கியதை முதல் நாள் முழங்கையின் உட்பக்கம் தடவி 24 மணித்தியாலம் பொறுங்கள். மேடையேற்றத்தன்று வெயிலில் நிற்கும் வானுக்குள் குச்சிகளை விட்டுப் போகாதீர்கள். இளகி மூடிக்குள் ஒட்டியது பழைய உருவத்துக்கு வராது.

கழற்றும்போதுதான் தேங்காய் எண்ணெய்க்கு வேலை. கிரீஸ் பெயின்ட்டில் முதலில் தண்ணீர் பட்டால் மெழுகு தோலோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். காய்ந்த முகத்தில் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, பூச்சு இளகியதும் கடதாசியால் வழித்தெடுத்து, பிறகே சவர்க்காரம். தாடிக்குச் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைத் தூரிகையால் ஓரத்தில் விட்டு, பசை விட்டுக்கொடுத்த பிறகு இழுங்கள். உதட்டருகிலும் கண்ணருகிலும் அவசரம் வேண்டாம். வழித்த கடதாசிக்கு ஒரு பை கொண்டுபோங்கள். சுவரில் கபிலக் கைவிரல் பதிவும் அடைத்த கைகழுவும் தொட்டியும் இருந்தால், மண்டபத்துக்குக் கட்டிய வைப்புப் பணம் முழுதாகத் திரும்பி வராது.