பதினொரு அங்குலக் கை: 1800-777-0000 சேவை பற்றி ஒரு தையல்காரி

சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் அளவு நோட்டில் வாடிக்கையாக வரும் ஒரு பெண்ணின் ரவிக்கைக் கை முதலில் ஆறு அங்குலம். அடுத்த தீபாவளிக்கு எட்டு. இந்த முறை முழங்கையும் மறையவேண்டும் என்றாள், பதினொன்று எழுதினேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. டேப்பைச் சுற்றுவதற்குக் கையைத் தூக்கச் சொன்னேன். உள்பக்கச் சதையில் நான்கு விரல்களும் பதிந்து கன்றிப்போயிருந்தன.

என்ன கேட்பதென்று தெரியாமல் அனுப்பிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பதினொரு மணிக்கு இந்த எண்ணை அழைத்தேன். 2021இல் தொடங்கிய தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண் இது. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அடிபட்டவர்தான் அழைக்கவேண்டும் என்பதில்லை, பார்த்தவரும் அழைக்கலாம்.

பேசியவர் முதலில் கேட்டது, “அவர் இந்த நேரத்தில் பத்திரமாக இருக்கிறாரா? வீட்டில் பிள்ளைகள் உண்டா?” உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே போலீசின் 999ஐ அழைக்கச் சொன்னார். நான் அவள் கணவனிடம் நேரில் கேட்டுவிடட்டுமா என்றேன். “வேண்டாம் அக்கா. நீங்கள் கேட்டால் அடி அவர்மேல்தான் விழும்” என்றார். அவளுடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பக்கூடாது, கணவர் பார்க்கக்கூடும். தனியாக இருக்கும்போது மட்டும் கேட்கவேண்டும். சொல்லாவிட்டால் வற்புறுத்தக்கூடாது. இருபது நிமிடம் பேசினோம். ஒரு முறைகூட அவர் அவசரப்படவில்லை.

ரவிக்கை போட்டுப் பார்க்க வந்தபோது, திரைக்குப் பின்னால் கேட்டேன். “யாராவது அடித்தார்களா தங்கச்சி?” ஊக்கைப் போட்டுக்கொண்டே, “மூன்று வருஷமாக அக்கா” என்றாள். இதற்கு முன் மணிக்கட்டு வீங்கி ஒரு மருந்தகத்துக்குப் போயிருக்கிறாள். எப்படி ஆனது என்று மருத்துவர் கேட்டாராம். பக்கத்தில் நின்ற கணவன், “குளியலறையில் வழுக்கி விழுந்தாள்” என்றானாம். வலி மாத்திரையும் இரண்டு நாள் விடுப்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு நிமிடம் அவனை வெளியே உட்காரச் சொல்லியிருந்தால் போதும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது குடும்பச் சண்டை என்று ஒதுங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலகச் சுகாதாரப் பேரவை 1996லேயே அறிவித்தது. துணைவரால் தாக்கப்பட்ட பெண்களில் 42 விழுக்காட்டினருக்குத்தான் காயம் ஏற்பட்டது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கை. மற்றவர்களை உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இந்தப் பெண்ணும் ஓயாத தலைவலி, தூக்கமின்மை என்றுதான் மருந்தகத்துக்கு அலைந்திருக்கிறாள். காயம் இல்லாதவளிடமும் கேட்கவேண்டியது அதனால்தான். அதே நிறுவனம் மருத்துவர்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: தனியாகக் கேள், காது கொடு, நம்பு.

என் கைப்பேசியில் அந்த எண்ணை அழைத்துக் கொடுத்து உள்ளே உட்காரவைத்தேன். திரைக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பேசி முடிக்கும்வரை ஒரு கட்டைவிரல் மற்றதை அழுத்திக்கொண்டே இருந்தது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்து, கொஞ்சம் பணம், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொன்னார்களாம். அந்தப் பை இப்போது என் பட்டுத்துணி அலமாரியில் இருக்கிறது. மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்றும், அதை மீறுவது குற்றம் என்றும் விளக்கியிருக்கிறார்கள். உடனே போய் மனுப்போடு என்று யாரும் நெருக்கவில்லை. அவசரமாக வீட்டைவிட்டு வெளியேறும் நேரத்தில் ஆபத்து கூடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. அந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி, போட்டுப் பார்க்கும் அறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். மருந்தகக் கழிவறைக் கதவுகளின் உள்பக்கத்திலும் ஒட்டலாம். கணவன் கூட வரமுடியாத இடம் அது ஒன்றுதான்.

அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். புதன்கிழமைகளில் சமூக சேவையாளர் என் கடைத் தொலைபேசிக்கு அழைக்கிறார். வருவதற்கு வீட்டில் ஒரு காரணம் சொல்லவேண்டுமே, அடுத்த வாரம் இன்னொரு ரவிக்கைத் துணி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறாள்.