2023-இன் கேம்கள்: எது நின்றது, எது போனது

டிசம்பர் பிறந்ததுமே "இந்த ஆண்டின் சிறந்த பத்து" என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. செப்டம்பரில் வந்த ஒரு பெரிய கேமை அதற்குள் யார் நிதானமாக விளையாடி முடித்தார்கள்? வேலைக்குப் போய் வருகிறவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 2023-ஐப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன். ஒரே வருடத்தில் அவ்வளவு நல்ல கேம்கள் வந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு மோசமாக விழுந்தவையும் அதே வருடத்தில்தான் வந்தன. கோளாறு திருத்தும் பேட்ச் மேல் பேட்ச் வந்து, கூச்சல் எல்லாம் அடங்கியிருக்கிறது. என் அளவுகோல் ஒன்றுதான்: இடம் போதாமல் டிஸ்க்கைக் காலி செய்யும்போது எதை அழிக்கக் கை வரவில்லை?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் விளையாடுவது காரைக்குடியில். மே மாத வெயிலில் மத்தியானம் கரண்ட் போகும். பராமரிப்பு நாள் என்றால் காலையில் போனது சாயந்திரம்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் சரியாக இருக்கும். பிசிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் உண்டு. சேவ் செய்துவிட்டு அணைக்கிற அவகாசத்துக்கு மேல் அது எதுவும் தராது. நெட்டும் மழை பெய்தால் ஒரு மாதிரி, பெய்யாவிட்டால் இன்னொரு மாதிரி. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியுமா, நெட் போனால் கேமும் போய்விடுமா, எத்தனை ஜிபி இறக்க வேண்டும் என்பதெல்லாம் வெளிநாட்டு விமர்சகர்களுக்குக் கடைசி வரி. இங்கே அதுதான் முதல் கேள்வி.

முதல் இடம் பால்டர்ஸ் கேட் 3 என்கிற, நாமே ஒரு பாத்திரமாகிக் கதையை நடத்தும் கேமுக்கு. இதில் புதுமை ஒன்றும் இல்லை, ஊரே கொடுத்த இடம்தான். பெல்ஜியத்து லாரியன் நிறுவனம் 2020 அக்டோபரிலேயே முதல் பகுதியை முன்கூட்டியே விற்பனைக்கு விட்டு, விளையாடியவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழுசாக வெளியிட்டது. பிசி கேம்களை நெட்டில் விற்கிற ஸ்டீம் கடையில் 2,999 ரூபாய். டிஸ்க்கில் 150 ஜிபி கேட்கும். காரைக்குடி நெட்டில் இதை இறக்கியவனுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும்.

ஆனால் கொடுத்த காசுக்கும் இடத்துக்கும் இதைப்போல் திருப்பித் தந்த கேம் இன்னொன்று இல்லை. முதல் பகுதியில் காப்ளின்களின் முகாம் ஒன்று வரும். மூன்று தலைவர்களைத் தீர்க்க வேண்டும். நேராகப் போய்ச் சண்டை போடலாம். நல்லவன் மாதிரி பேசி உள்ளே நுழையலாம். அவர்கள் குடிக்கிற சாராயத் தொட்டியில் விஷம் கலக்கலாம். அடைத்து வைத்திருக்கும் கரடியை அவிழ்த்துவிடலாம். பேசி மயக்கப் பார்த்தால் திரையில் இருபது முகப் பகடை உருளும். எவ்வளவு பேச்சுத் திறமை வைத்திருந்தாலும் 1 விழுந்தால் காரியம் கெட்டது. கெட்ட பிறகும் கதை நிற்காது, வேறு வழியில் போகும். தோற்றதற்காகப் பழைய சேவ் ஃபைலை மறுபடி திறக்காமல் அப்படியே விளையாடிப் பாருங்கள், அதுதான் ருசி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற என் கல்லூரிச் சிநேகிதனும் நானும் சனிக்கிழமை ராத்திரிகளில் இதைச் சேர்ந்து விளையாடினோம். அவனுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற கடிகாரம். பாதியில் கொட்டாவி விடுவான், ஆனால் எழுந்து போக மாட்டான். நான் பத்து நிமிஷம் பேசி ஒரு கதவைத் திறக்க வைக்கப் பார்ப்பேன்; அதற்குள் அவன் பக்கத்துச் சுவரை உடைத்திருப்பான். இரண்டையும் கேம் ஏற்றுக்கொள்ளும். முறை வைத்து ஆடும் சண்டை என்பதால் கரண்ட் போனால்கூடப் பதற வேண்டியதில்லை, எஃப்5 தட்டினால் சேவ் ஆகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது பகுதியின் பெரிய நகரம் வெளியானபோது கணினிகளைத் திணற வைத்தது என்பது எல்லோரும் பேசியதுதான். முடிவும் வெடுக்கென்று முடிந்தது. அந்த நவம்பர் கடைசியில் வந்த ஐந்தாவது பேட்ச்சில்தான், சாகசம் முடிந்து எல்லோரும் மறுபடி ஒன்றாகச் சந்திக்கிற பின்கதையைச் சேர்த்தார்கள். டிசம்பர் பட்டியல்காரர்களில் பலர் அதைப் பார்க்காமலே பரிசு கொடுத்திருப்பார்கள். 2025 ஏப்ரல் வரை பெரிய பேட்ச்கள் வந்துகொண்டே இருந்தன. கூடுதல் கதை என்று தனியாகக் காசு கேட்கவே இல்லை.

இரண்டாவது, ஜெல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம். 2023 மே 12 அன்று வந்தது. அது ஓடுகிற நிண்டெண்டோ சுவிட்ச், கையில் பிடித்து விளையாடுகிற கருவி, நம் நாட்டில் முறைப்படி விற்பனைக்கு வராத சாதனம். ஆனால் செட்டிநாட்டுப் பக்கம் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத குடும்பம் எது? என் மச்சான் பெட்டியில் வந்து சேர்ந்தது. பேட்டரியில் ஓடுகிற சாதனம் என்பது இந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மே மாதம் புரிந்தது. பிசி செத்துக் கிடக்கும். நான் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் குளிர்ச்சிக்குப் படுத்துக்கொண்டு ஆகாயத் தீவுகளில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

இதில் கிடைக்கிற எதையும் எதோடும் ஒட்டலாம். பலகையோடு சக்கரம், சக்கரத்தோடு விசிறி, விசிறியோடு ராக்கெட். ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டுவீர்கள், அது பாதியில் உடையும், உடைந்த பாதியே ஓடமாகிவிடும். இவ்வளவும் ஏறத்தாழ 16 ஜிபிக்குள், 2017-இல் வந்த ஒரு சின்னச் சாதனத்தில். எப்படிச் செய்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். பூமிக்கு அடியில் இருக்கும் இருட்டு உலகம் மட்டும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். அதை முழுதாகச் சுற்றித் தீர வேண்டும் என்று வீம்பு பிடிக்காதீர்கள்.

மூன்றாவது இடத்தில் இருப்பது அளவில் எல்லாவற்றிலும் சின்னது. வெண்பா. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலை 31-இல் வெளியானது. 1988-இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, வெண்பா, பாவலன். அவர்களுக்குப் பிறக்கிற பையன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு நைந்து, அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. முதல் புதிர் இட்லி: தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரை ஏறும்?

கேம் என்று ஒன்று ஓடும்போது எங்கள் அப்பத்தா நின்று பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"என்னப்பா, அந்தப் பிள்ளை துணி விரிக்காமல்ல ஈடு ஊத்துது?"

"அது கனடா, அப்பத்தா."

"கனடால துணி கிடைக்காதாக்கும்."

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது. புட்டுக்கு நான் தப்பாக அடுக்கப் போனபோது, "முதல்ல தேங்காப்பூவைப் போடு" என்று திரையைப் பார்த்து அதட்டியது. சமையலறை ரேடியோவில் பழைய தமிழ் சினிமா இசையின் சாயலில் புதிதாகப் போட்ட பாட்டுகள் ஓடும். இது எந்தப் படம் என்று கேட்டது, எந்தப் படமும் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. பிற்பாடு ஒரு நாள், சம்பந்தமே இல்லாமல், "அந்தப் பிள்ளை ஊருக்கு வந்துச்சா, இல்லையா?" என்றது. பதில் சொன்னால் உங்களுக்குக் கதை போய்விடும்.

சமையல் விளையாட்டாக மட்டும் பார்த்தால் வெண்பா லேசானது. நம் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தப் புதிர்கள் புதிரே அல்ல, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற விதி இருப்பதால், முடித்துவிட்டுக் காசைத் திரும்ப வாங்கவும் முடியும். செய்யாதீர்கள். கவின் வளர்ந்து, அரைகுறைத் தமிழோடு அம்மாவின் குறிப்பைத் தடுமாறிப் படித்துச் சமைக்கிற பகுதி இருக்கிறதே, அங்கே இரண்டு மடங்கு நேரம் இருந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். 2024-இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரிய பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவும் இதற்குக் கிடைத்தன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெசிடென்ட் ஈவில் 4 மறு ஆக்கம்: 2005-இல் வந்ததைத் தொட்டுக் கெடுக்காமல் புதுப்பிப்பது எப்படி என்பதற்குப் பாடம். டேவ் த டைவர்: பகலில் கடலில் மீன் பிடி, ராத்திரியில் சுஷிக் கடையில் பரிமாறு, கடைசிப் பக்கம் கொஞ்சம் இழுவை. ஹை-ஃபை ரஷ்: ஜனவரி 25 அன்று அறிவித்து அன்றைக்கே வெளியிட்டார்கள். அடி, உதை, மரம், செடி எல்லாம் தாளத்துக்கு ஆடும். தாளம் தப்பினாலும் கேம் உங்களைத் திட்டாது. இதைச் செய்த டோக்கியோ ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் மூடுவதாக அறிவித்தது, பிறகு கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ப்ளஸ் டூ படிக்கிற அக்கா மகனிடம் சொன்னேன். "நம்ம பிஜிஎம்ஐ கம்பெனியா மாமா?" என்றான். அவனுக்கு 2023-இன் சிறந்த கேம், அந்த மே மாதம் தடை நீங்கித் திரும்பி வந்த, போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐ மட்டும்தான். வாதாடிப் பயனில்லை.

சைபர்பங்க் 2077-ஐ எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 2020 டிசம்பரில் வந்து, அதே மாதம் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுக்கப்பட்ட கேம். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட்டும் ஃபாண்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையும் வந்தபோது அது வேறு கேமாகவே ஆகியிருந்தது. திறமைகள், போலீஸ், கார்ச் சண்டை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டியிருந்தார்கள். எனக்கு நாலாவது இடம். ஆனால் ஏறத்தாழ மூன்று வருஷம் காத்திருந்தவனுக்குத்தான் இந்த இடம், முதல் நாள் வாங்கியவனுக்கு அல்ல.

ஏமாற்றங்களுக்கு வருவோம். முதலில் விண்வெளியில் சுற்றுகிற ஸ்டார்ஃபீல்ட், ஏனென்றால் மற்றவை விழும் என்று ஓரளவு தெரியும், இது அப்படி அல்ல. செப்டம்பர் 6 அன்று வந்தது. ஆயிரத்துக்கு மேல் கிரகங்கள் என்று சொன்னார்கள், பொய் இல்லை, இருக்கின்றன. எங்கள் ஊர் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் தெருவில் நின்று படம் எடுப்பார்கள், அதன் கணக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பார் என்று யாரையாவது சொன்னால் ஓடிவிடுவார்கள். ஸ்டார்ஃபீல்ட் அதைத்தான் செய்யச் சொல்கிறது. ஒரு கிரகத்தில் இறங்கினால் பாறை, தூரத்தில் ஒரு ஆய்வுக்கூடம். அடுத்த கிரகத்திலும் அதே ஆய்வுக்கூடம், அதே மேசை, அதே இடத்தில் கிடக்கும் பிணம். கிரகத்திலிருந்து கிரகத்துக்கு நாமே பறந்து போகவும் முடியவில்லை, நடுவில் லோடிங் திரைதான்.

இத்தனைக்கும் கப்பல் கட்டுகிற பகுதி அருமை. சில கிளைக்கதைகள், குறிப்பாக ரகசியமாகக் கடற்கொள்ளையர் கூட்டத்தில் சேர்கிற கதை, நன்றாகவே இருக்கின்றன. திருந்தும் என்று பொறுத்துப் பார்த்தேன். நகரங்களுக்கு ஒழுங்கான வரைபடம் 2024 மே மாதம் வந்தது. தரையில் ஓட்ட ஒரு வண்டி 2024 ஆகஸ்டில் வந்தது. முதல் நாளே இருந்திருக்க வேண்டியவை. வண்டி வந்த பிறகு ஒரே மாதிரி ஆய்வுக்கூடங்களுக்கு முன்னைவிடச் சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான் வித்தியாசம். டிஸ்க்கிலிருந்து அழித்தபோது யோசிக்கவே இல்லை.

நகரம் கட்டுகிற கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 வேறு வகை வருத்தம். 2015-இல் வந்த முதல் பாகம் இன்னும் என் பிசியில் இருக்கிறது. இரண்டாம் பாகம் அக்டோபர் 24 அன்று வந்ததும் தெரிந்த விஷயம்: எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தாலும் நகரத்து மக்களின் உருவங்கள் முழு நுணுக்கத்தோடு, வாய்க்குள் இருக்கும் பல் உட்பட, வரையப்பட்டுக்கொண்டிருந்தன. தூரத்துக்கேற்ற எளிய உருவம் தயாராகவில்லை. கிராபிக்ஸ் கார்டு பாவம் என்ன செய்யும்?

ரெட்ஃபால், தனியாளாக விளையாடுவதற்கும் நெட் கட்டாயம் என்று வந்தது. எனக்கு அந்த ஒரு வரியே போதும், வாங்கவில்லை. நெட் இல்லாமல் ஆடும் வசதி 2024 மே மாதக் கடைசி அப்டேட்டில் வந்தது. கேமைச் செய்த ஆர்க்கேன் ஆஸ்டின் ஸ்டூடியோவை மூடப்போவதாக அதற்குள் அறிவித்துவிட்டார்கள். 2017-இல் ப்ரே மாதிரி ஒரு கேம் கொடுத்த இடம். கோல்லம், மே 25 அன்று வெளியாகி மறுநாளே மன்னிப்புக் கடிதம் வந்த கேம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அடிமட்டத்தில் த டே பிஃபோர். ஒரு காலத்தில் ஸ்டீமில் மிக அதிகம் பேர் எதிர்பார்த்துக் குறித்து வைத்திருந்த கேம். டிசம்பர் 7 அன்று வந்தது. நாலு நாளில் நிறுவனத்தையே மூடுவதாக அறிவித்தார்கள், 2024 ஜனவரி 22 அன்று சர்வரும் நின்றது. இதை ஏமாற்றம் என்று வகைப்படுத்துவதே மரியாதை.

அதே வருடம் வந்து பேர் வாங்கிய ஆலன் வேக் 2 எங்கே என்று கேட்பீர்கள். அது மெஷ் ஷேடர் என்ற புதிய வசதி உள்ள கிராபிக்ஸ் கார்டைக் கணக்கில் வைத்துச் செய்த கேம், என் பழைய கார்டில் அது கிடையாது. பழைய கார்டுகளிலும் ஓரளவு ஓடும்படி பின்னால் ஒரு பேட்ச் விட்டார்கள்தான், ஆனால் அப்படி அரைகுறையாகப் பார்க்க மனசில்லை. அக்கா மகன் காலேஜ் சேர்கிற செலவு முடிந்ததும் கார்டு மாற்றுவதாக இருக்கிறேன்.