ஓய்வுக்கு மலேசியாவா, தாய்லாந்தா, இலங்கையா? வாடகையைக் கடைசியில் பாருங்கள்

"மாதம் 60,000 ரூபாயில் வெளிநாட்டில் ராஜ வாழ்க்கை" என்று யூடியூபில் வரும் வீடியோக்கள் எல்லாம் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் வாடகை, அப்புறம் காய்கறி மார்க்கெட், தெருவோரத்தில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் என்ன விலை, கடைசியில் மொட்டைமாடி நீச்சல்குளம். அறுபது வயதில் ஊர் மாறப்போகிறவர் இதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். உள்ளே விடுவதற்கு அந்த நாடு என்ன கேட்கிறது, எவ்வளவு பணத்தைப் பூட்டி வைக்கச் சொல்கிறது என்பது முதல் கேள்வி. எழுபத்தைந்து வயதில் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவார்கள் என்பது இரண்டாவது. வாடகை அதற்குப் பிறகுதான்.

மலேசியா, தாய்லாந்து, இலங்கை மூன்றையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானத் தூரத்துக்குள் மூன்றும் வந்துவிடும். பனாமாவைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. ஆயுள் முழுக்க மாதம் 1,000 டாலர் பென்ஷன் வருகிறது என்று காட்டினால் அங்கே ஓய்வூதியர் விசா கிடைக்கும், விமான டிக்கெட்டிலிருந்து டாக்டர் ஃபீஸ் வரை சட்டப்படியே தள்ளுபடியும் உண்டு. அருமையான திட்டம்தான். ஆனால் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும் ஊர் நம் கணக்குக்கு ஒத்துவராது.

தாய்லாந்தின் வாசல்தான் இருப்பதில் மலிவு. 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சம் பாட் வருமாறு காட்ட வேண்டும். ஒரு பாட் சுமார் இரண்டேமுக்கால் ரூபாய் என்று வைத்தால் 8 லட்சம் பாட் நம்மூர்க் கணக்கில் 22 லட்சம் ரூபாய். அது உங்கள் பணமாகவே இருக்கும், ஆனால் நினைத்தபோது எடுக்க முடியாது. ஆண்டுதோறும் நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும், கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது, மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது.

மலிவான வாசல் என்றாலும் ஒவ்வொரு வருஷமும் போய்த் தட்ட வேண்டிய வாசல் அது. நீட்டிப்புக்குப் போகிற அன்று காலையில் முதலில் வங்கிக்குப் போக வேண்டும். நூறு பாட் கணக்கில் செலுத்தியோ எடுத்தோ பாஸ்புத்தகத்தில் அன்றைய தேதி விழும்படி பதிந்துகொண்டு, இருப்புக்கான கடிதமும் வாங்கிக்கொண்டு குடிவரவு அலுவலகம் போனால், பாஸ்போர்ட் பக்கங்கள், பாஸ்புத்தகப் பக்கங்கள் எல்லாவற்றின் நகலிலும் தனித்தனியே கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் 1,900 பாட். அதோடு முடிவதில்லை. 90 நாளுக்கு ஒருமுறை "இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று தெரிவிக்க வேண்டும், அதை ஆன்லைனிலும் செய்யலாம். பேரன் காதுகுத்துக்குச் சென்னை வர வேண்டுமென்றால், கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதி வாங்கிவிட வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. மறந்து விமானம் ஏறினால் அந்த வருஷ அனுமதி அங்கேயே செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து.

காகித வேலைக்கு அலுத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய பாரமில்லை. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்கள் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்கள். ஆனால் எண்பது வயதிலும் இதையே செய்ய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

மலேசியாவின் கதை வேறு. 1996-ல் ஓய்வு பெற்றவர்களுக்காக ஆரம்பித்த திட்டத்தை 2002-ல் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' என்று விரிவாக்கினார்கள். ஒரு காலத்தில் 50 வயதைத் தாண்டியவர் 1.5 லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையும் மாதம் 10,000 ரிங்கிட் வருமானமும் காட்டினால் போதும், பத்து வருஷ விசா கையில். நிறைய பேர் பினாங்குக்குப் போய் நிம்மதியாக உட்கார்ந்த காலம் அது. 2021-ல் மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட் என்று ஒரேயடியாகத் தூக்கினார்கள். 2024-ல் திரும்ப மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று படி வைத்தார்கள். கீழ்ப்படியான வெள்ளிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு, ஐந்து வருஷ விசா, அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கியே தீர வேண்டும், பத்து வருஷத்துக்கு அதை விற்கவும் கூடாது. வீட்டுக்காக வைப்பிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு சின்ன ஆறுதல். வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது, அதையும் தனியே பார்க்க வேண்டும்.

வைப்பு சுமார் 1.3 கோடி ரூபாய், வீடு ஒன்றேகால் கோடி. ஒரு கவலையும் இல்லாமல் கோயம்புத்தூரில் மிச்ச வாழ்நாளைக் கழிக்கும் பணம் இது. ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டி பகுதியில் வீடு வாங்குவதானால் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 32,000 டாலர் வைப்பு போதும் என்று தனிச் சலுகை இருக்கிறது. ஆனால் கடலைத் தூர்த்துக் கட்டி, ஆள் வராமல் நிற்கும் அடுக்குமாடிகளில் போய் முதுமையைக் கழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அக்கம்பக்கம் இல்லாத இடத்தில் வயசானவர்களுக்கு என்ன வேலை?

இலங்கையில் 55 வயதுக்கு மேல் என்றால் 'மை டிரீம் ஹோம்' விசா. 15,000 டாலர் வைப்பு, இரண்டு வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். கேட்க சுலபமாக இருக்கும். கூடவே மாதாமாதம் வெளியிலிருந்து 1,500 டாலர் கொண்டுவர வேண்டும், மனைவி அல்லது கணவர் உடன் இருந்தால் இன்னும் 750. அதாவது தம்பதிக்கு மாதம் 2,250 டாலர், ஏறக்குறைய 2 லட்சம் இந்திய ரூபாய். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ எளிமையாக வாழ்பவர்களுக்கு அவ்வளவு செலவே இருக்காது. ஆனாலும் கொண்டுவந்தே ஆக வேண்டும். வெளிநாட்டவர் நிலம் வாங்க 2014-ன் சட்டம் தடுக்கிறது. அடுக்குமாடி வீடு வாங்கலாம்.

இந்த விதிகள் எல்லாம் வேற்று நாட்டுக்காரருக்கு. இலங்கையில் பிறந்து, பிறகு கனடா, பிரிட்டன் குடியுரிமை எடுத்தவர்களுக்குக் கணக்கே வேறு. 55 வயதைத் தாண்டிவிட்டால் அந்த வயதையே தகுதியாகக் காட்டி இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் வைப்பும் இல்லை, மாதக் கணக்கும் இல்லை, காணி வாங்கவும் தடையில்லை. இந்த மூன்று நாடுகளில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடம் வாசலில் பணத்தைப் பூட்டி வைக்கச் சொல்லாத வீடு இது ஒன்றுதான். இதை விட்டுவிட்டுத் தாய்லாந்து விசாவுக்கு ஏஜென்ட் தேடுபவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். இதில் மலேசியாவுக்குத்தான் என் ஓட்டு, யோசிக்கவே தேவையில்லை. சுமத்ராவின் மேடானிலிருந்து விமானம் ஏறி வைத்தியத்துக்கென்றே பினாங்கு வருபவர்கள் ஏராளம். அவ்வளவு தனியார் மருத்துவமனைகள் அந்தச் சின்னத் தீவில். நமக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நடுராத்திரி நெஞ்சு வலியோடு போனால் "எங்கே வலிக்குது அங்கிள், கை பக்கம் இழுக்குதா?" என்று தமிழில் கேட்கிற டாக்டரோ தாதியோ இருக்க நல்ல வாய்ப்பு. தாய்லாந்தின் பெரிய மருத்துவமனைகளும் தரத்தில் குறைந்தவை அல்ல, ஆங்கிலத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் மனைவிக்கு ஆங்கிலமும் தடுமாற்றம் என்றால், தாய்லாந்து மொழி மட்டும் பேசும் வார்டு நர்ஸோடு பத்து நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

கிளம்பும் முன்பே தாய்லாந்துத் தூதரகத்தில் வாங்கும் ஓய்வு விசாவான ஓ-ஏ வகைக்கு 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சர்க்கரையும் பிரஷரும் உள்ள 68 வயதுக்காரருக்கு யாரும் சுலபமாகப் புது பாலிசி தரமாட்டார்கள், தந்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கிவிட்டுத்தான் தருவார்கள். இந்தியாவில் எடுத்த பாலிசி பெரும்பாலும் இந்திய ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்பதும் பலருக்கு அங்கே போன பிறகுதான் உறைக்கிறது. இலங்கையில் கொழும்பு தனியார் மருத்துவமனைகள் நன்றாகவே இருக்கின்றன. 2022-ல் டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360-ஐத் தாண்டியபோது மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததையும் மறக்க முடியாது. டாலரில் பென்ஷன் வாங்கியவர்களுக்கு அந்த வருஷம் ஒரு டாலருக்கு அதிக ரூபாய் கிடைத்தது. வாங்கத்தான் மருந்து இல்லை.

இனி அன்றாடம். பினாங்கில் இரண்டு படுக்கையறை வீடு பொதுவாக 1,500 முதல் 2,500 ரிங்கிட், வட தாய்லாந்தின் சியாங் மாயில் 12,000 முதல் 20,000 பாட். ரூபாயில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், இதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. மலேசியாவிலேயே ஈப்போ நகரம் இன்னும் மலிவு. கல்லுமலை முருகன் கோயில், புந்தோங் பக்கத்தில் கடலை வறுக்கும் வாசனை, காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்கும் பக்கத்து வீடு. தமிழருக்கு வெளிநாட்டில் இருக்கும் உணர்வே வராது. ரேடியோவைத் திருப்பினால் தமிழ், தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி.

சியாங் மாயில் மலைக்காற்று, மரியாதையான மக்கள், குறைந்த விலை என்று எல்லாம் உண்மை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை அந்தப் பள்ளத்தாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதும் உண்மை. அந்த மாதங்களில் உலகிலேயே மிக மோசமான காற்று உள்ள நகரங்களின் பட்டியலில் அதன் பெயர் அடிக்கடி முதலிடத்துக்கு வரும். ஆஸ்துமா உள்ளவர் அங்கே வீடு பிடிப்பது வீண் வேலை, கடலோர ஹுவா ஹின் பக்கம் போகலாம். சைவச் சாப்பாட்டுக்கு மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்துப் போட்ட கடைகள் உண்டு, அங்கே பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியல் என்று கேட்டாலும் மீன் சாறு விழுந்துவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் நாட்டை மாற்றும். பிரிட்டன் அரசு ஓய்வூதியம் வாங்குபவர் மலேசியா, தாய்லாந்து, இலங்கை, இந்தியா எங்கே குடியேறினாலும் அந்தத் தொகை அன்றைய அளவிலேயே உறைந்துவிடும், வருடாந்திர உயர்வு கிடையாது. பிலிப்பைன்ஸிலும் மொரிஷியஸிலும் இருந்தால் உயர்வு உண்டு. 66 வயதில் போய் 86 வரை இருப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசம் எந்த வாடகைச் சேமிப்பையும் விழுங்கிவிடும். கனடாவில் முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டிலும் தொடர்ந்து வர, 18 வயதுக்குப் பிறகு 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நின்றுபோகும். 1990-களின் கடைசியில் நாற்பது வயதில் போனவர்கள் பலர் இந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து பின்னால் போன பெற்றோர் வருஷத்தை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து போகிறவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் வரம்பு ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கியே 20 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும். மலேசிய வைப்புக்கு 1.3 கோடியை ஒருவர் பெயரில் அனுப்பினால் சுமார் 24 லட்சம் ரூபாய், வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை, கையை விட்டுப் போயிருக்கும். அதற்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். தாய்லாந்தில் வருஷத்தில் 180 நாளோ அதற்கு மேலோ இருப்பவர் வெளியிலிருந்து கொண்டுவரும் வருமானம் 2024 முதல் அங்கே வரிக்கு உட்பட்டது. மலேசியா அப்படிக் கொண்டுவரும் பணத்துக்குத் தனிநபர்களுக்கு 2036 வரை விலக்கு தந்திருக்கிறது.

ஆக என் பார்வையில், சிங்கப்பூரிலோ லண்டனிலோ ஒரு வீட்டை விற்ற பணம் கையில் இருப்பவர் மலேசியா போகலாம், கொடுத்த காசுக்கு நியாயம் கிடைக்கும். அறுபதைத் தாண்டாத, உடம்பு தெம்பாக உள்ள, காகிதத்துக்கு அஞ்சாத தம்பதிக்குப் பத்து வருஷத்துக்குத் தாய்லாந்து சரி. அதற்குமேல் ஊர் திரும்பும் திட்டத்தோடு போவது உத்தமம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு யாழ்ப்பாணம். தமிழ்நாட்டில் 50,000 ரூபாய் பென்ஷனை மட்டும் நம்பி இருப்பவருக்கு மூன்றுமே கட்டாது, தஞ்சாவூரைவிட மலிவான வெளிநாடு இந்தப் பக்கத்தில் இல்லை.

தாய்லாந்து என்று முடிவு செய்பவர்கள் ஒன்றைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். கணவர் பெயரில் விசா, அவருக்குத் துணையாக மனைவி என்று போனால், கணவர் காலமானதும் மனைவியின் அனுமதிக்கும் ஆதாரம் போய்விடும். அவருக்கு 50 வயது ஆகியிருந்தால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு வேண்டிய 8 லட்சம் பாட் கணவரின் தனிக் கணக்கில், நீதிமன்றம் வாரிசுக்கு உத்தரவு தரும்வரை முடங்கிக் கிடக்கும். ஆரம்பத்திலேயே இருவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி விசா, தாய்லாந்துச் சட்டப்படி ஓர் உயில் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. அப்படியானால் வாசலில் வைக்க வேண்டிய தொகை 16 லட்சம் பாட், 44 லட்சம் ரூபாய்.