"100 டிகிரி வரை பயமில்லை" என்று சொல்லி விற்கும் ஓவர்க்ளாக் கணினிகள்: வாங்கும் முன் படியுங்கள்

ஓவர்க்ளாக் செய்து (நிறுவனம் குறித்த அளவைவிட ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டி), சோதித்து முடித்து, அப்படியே வீட்டுக்கு வரும் கணினி என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வந்த கணினியில் ப்ராசஸரைக் கெடுத்தது அதை அசெம்பிள் செய்து விற்றவர்தான். கெட்டுப்போன பிறகு "ஓவர்க்ளாக் செய்த சிப்புக்கு வாரண்டி கிடையாது" என்று கைவிரித்தவரும் அவரேதான். அந்த ஓவர்க்ளாக் வேலைக்கென்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார்.

சிப், இன்டெல் ஐ9-9900கே. 2018-இல் வந்த ப்ராசஸர், உள்ளே எட்டு கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் எட்டுப் பகுதிகள். எட்டு கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது இன்டெல் அதற்குக் கொடுத்திருக்கும் வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். விற்றவர் எல்லா கோர்களிலும் 5.1 என்று வாக்குக் கொடுத்தார். முழு லோடில், அதாவது முழுத் திறனில் உழைக்கும்போது, 68 டிகிரிதான் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார். வாட்டர் கூலர் பெரியது, பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது.

வீடியோ எக்ஸ்போர்ட் போட்டதும் உண்மை தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே வெப்பம் 100 டிகிரியைத் தொட்டது, வேகம் 4.4-க்குச் சரிந்தது. எந்த மாற்றமும் செய்யாமல் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருந்தால் கிடைத்திருக்கும் வேகத்தைவிட இது குறைவு. கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வேகம், வேலை என்று வந்தால் காணாமல் போனது. எந்த வேலையும் இல்லாத ஐடில் நிலையில் மட்டும் திரையில் 5.1 என்று காட்டிக்கொண்டிருந்தது.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "சார், இன்டெல்லே 100 டிகிரி வரைக்கும் ஓகேன்னு சொல்லியிருக்காங்க. பயப்படாதீங்க." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுத்தான் பலர் சமாதானமாகிவிடுகிறார்கள்.

அந்த 100 என்ற எண் உண்மைதான். அது இந்தச் சிப்பின் உள்ளே, கோர் இருக்கும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பம். அதைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் கணினியே சட்டென்று அணைந்துவிடும். ஆக, 100-இல் நிற்கும் சிப் தற்காப்பில் இருக்கிறது என்று அர்த்தம். இன்டெல் அந்த எண்ணைக் கொடுத்தது தன்னுடைய வோல்டேஜ், தன்னுடைய வேகம் இவற்றுக்குத்தான். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடத்தில்) வேறொருவர் கூட்டிவைத்த வோல்டேஜுக்கு அந்த உறுதி பொருந்தாது.

அந்த 68 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்தேன். மதர்போர்டில் ப்ராசஸர் சாக்கெட் பக்கம் தனியாக ஒரு சென்சார் உண்டு. பல மென்பொருள்களில் அது வெறுமனே 'சிபியு' என்ற பெயரில் வரும். சிப்புக்குள் இருக்கும் சென்சார்களின் அளவு 'கோர்', 'சிபியு பேக்கேஜ்' என்று வேறு வரிகளில் வரும். லோடு ஏறும்போது இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கலாம். அவர் அனுப்பிய படத்தில் மதர்போர்டு சென்சாரின் வரி மட்டும் தெரியும்படி வெட்டப்பட்டிருந்தது. என் கணினியில் சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. தெரியாமல் செய்ததாக என்னால் நம்ப முடியவில்லை.

பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். வோல்டேஜ் 1.45-இல் நிலையாகப் பூட்டப்பட்டிருந்தது. லோடு லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பு உச்ச அளவில். லோடு ஏறும்போது வோல்டேஜ் இயல்பாகக் கொஞ்சம் இறங்கும், இந்த அமைப்பு அதை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். உச்சத்தில் வைத்தால் லோடு விலகும் நொடியில் வோல்டேஜ் குறித்த அளவையும் தாண்டித் துள்ளும். சிப்பைப் பொறுமையாகச் சோதித்து, எவ்வளவு குறைந்த வோல்டேஜில் நிலையாக ஓடுகிறது என்று பார்ப்பதுதான் ஓவர்க்ளாக் வேலையே. இவர் அதைச் செய்யவில்லை. எந்தச் சிப்பாக இருந்தாலும் விண்டோஸ் திறக்கும்படி ஒரு பெரிய எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

இது ஏன் இவ்வளவு சூடு கிளப்புகிறது என்றால், சிப் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 1.25-இலிருந்து 1.45-க்குப் போனால், வேகம் அதேதான் என்றாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வெப்பம். 9900கே எல்லா கோர்களிலும் 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி முழு லோடில் ஓடினால் 200 வாட்டையும் தாண்டும். நல்ல கூலரும் அங்கே திணறும்.

சூடும் அதிக மின்னோட்டமும் சேர்ந்தால் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோக இணைப்புகளில் அணுக்களே மெல்ல இடம்பெயரும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்று இதற்குப் பெயர். ஜேம்ஸ் பிளாக் 1969-லேயே இதற்குச் சமன்பாடு கொடுத்துவிட்டார். இந்தத் தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. எனக்குத் தெரிந்த விதம் இது: விற்றவரின் அமைப்பை எல்லாம் நீக்கி, பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகும், 4.7-இல் கணினி உறைந்து நின்றது. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ப்ராசஸர் பிழைகள் வரிசையாகப் பதிவாகின. வேறு மதர்போர்டில் மாட்டியும் அதே கதை. இப்போது 4.4-இல் வைத்தால் மட்டும் நிலையாக ஓடுகிறது.

வாரண்டி விஷயம். வேகத்தையோ வோல்டேஜையோ மாற்றினால் சிப்பின் வாரண்டி போகலாம் என்று இன்டெல் சொல்லியே விற்கிறது. ஓவர்க்ளாக் செய்பவர்களுக்கென்று தனியாக விற்ற காப்புத் திட்டத்தையும் 2021-இல் நிறுத்திவிட்டது. எனவே ஓவர்க்ளாக் செய்து விற்பவர்தான் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "நாங்க பார்த்துக்குவோம்" என்ற வாய்வார்த்தை எனக்கு எந்தவிதத்திலும் உதவவில்லை.

எத்தனை டிகிரி வரை சரி என்று என்னையும் சிலர் கேட்கிறார்கள். 9900கே போன்ற அந்தக் காலத்து இன்டெல் சிப்பை ஓவர்க்ளாக் செய்தால், நீண்ட முழு லோடில் பேக்கேஜ் அளவு 80-க்குள், மிஞ்சிப்போனால் 85. நான் இதற்கு மேல் விட மாட்டேன். ஆனால் இதே எண்ணை எல்லாச் சிப்புக்கும் பொருத்தக் கூடாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5800எக்ஸின் உச்சம் 90, 7800எக்ஸ்3டிக்கு 89. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் ரகச் சிப்புகள் கனமான வேலையில் 95 வரை ஏறுவது வடிவமைப்பிலேயே உள்ளது என்று ஏஎம்டியே சொல்கிறது. முதல் தலைமுறை ரைசன் 1800எக்ஸிலோ மென்பொருளுக்குப் போகும் அளவில் 20 டிகிரி கூட்டியே காட்டப்பட்டது. அப்புறம், சோதித்த அறையின் வெப்பம். குளிரூட்டிய அறையில் 20 டிகிரியில் எடுத்த அளவு, 32 டிகிரி அறையில் ஏறக்குறைய 12 டிகிரி கூடிவிடும்.

வெப்பம் குறைவாக இருந்தாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகளில் ஓவர்க்ளாக் செய்யாமலே அதிக வோல்டேஜால் சேதம் ஏற்பட்டது. 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு திருத்தம் (பயாஸ் வழியாகச் சிப்புக்குப் போகும் திருத்தம்) வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறைக் கணினியை ஓவர்க்ளாக் செய்து யாராவது விற்றால், பயாஸ் அந்தத் திருத்தத்துக்குப் பிந்தையதா என்று கட்டாயம் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரே படத்தில் நான்கும் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள்: பேக்கேஜ் வெப்பம், எல்லா கோர்களின் வேகம், லோடில் உள்ள வோல்டேஜ், சோதனை ஓடிய நேரம். ப்ராசஸரை முழு லோடில் ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருள் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடியிருந்தால் போதும். அறை வெப்பத்தையும் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் பயாஸில் வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். பிறகு லோடில் பேக்கேஜ் அளவையும் வேகத்தையும் பதிவு செய்யுங்கள். சொன்ன வேகம் லோடில் நிற்கவில்லை என்றால், திருப்பி எடுக்கும் கெடு முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். அதுவரை டிஃபால்ட் அமைப்பிலேயே ஓட்டுங்கள்.