உணவகத்துக்குச் செயற்கை மரம்: எந்த இலை தாங்கும்?

கடையில் வரிசையாக நிறுத்திப் பார்க்கும்போது துணி இலை மரம்தான் கண்ணை இழுக்கும். பாலியெஸ்டர் துணியில் நரம்பு அச்சடித்த இலை, நாலடி தள்ளி நின்றால் நிஜம் போலவே தெரியும். ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்கு அதை வாங்கவே வேண்டாம். சமையலறையிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை இலைமேல் பிசுக்காகப் படியும். பிசுக்கில் தூசி ஒட்டும். இழைக்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. அழுத்தித் தேய்த்தால் ஓரம் நூல் நூலாகப் பிரியும். அச்சில் வார்த்த பாலித்தீன் இலை கொஞ்சம் தடிமன்தான், ஆனாலும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணிக்குப் பிசுக்கு வந்துவிடும். துணி இலை மரத்தை, புகை எட்டாத வரவேற்பு மேசைப் பக்கம் வைக்கலாம்.

வாங்குமுன் பத்து இலைகளை லேசாக இழுத்துப் பாருங்கள். பசையில்லாமல் காம்பில் செருகியவை கையோடு வந்துவிடும்; நாளை அவை சாப்பிடுகிறவர் தட்டில் விழும். சூட்டில் உருக்கி ஒட்டிய பசையும் விளக்குச் சூட்டுக்கு இளகும். கிளைக்குள் விளக்கு வைப்பதானால் சூடு குறைந்த எல்இடி மட்டும்.

நிஜத் தண்டில் துளையிட்டுக் கிளை செருகிய மரம் மிக அழகு. தண்டு நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலராதது பிளக்கும்; பூச்சி துளைத்தால் மாவு கொட்டும். கூரையைத் தொடுகிற உயரத்துக்கு இரும்புச் சட்டத்தின்மேல் ஃபைபர்கிளாஸ் போர்த்தியதே நம்பகமானது.

மரத்தோடு வரும் சின்னத் தொட்டி நிறுத்திக் காட்டத்தான். குழந்தை கை வைத்தால் சாயும். கனமான தொட்டிக்குள் இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் நிரப்புங்கள். மேசைக்கு மேல் ஒரே பக்கம் கிளை நீளும் மரமென்றால் மரத்தின் அடியிலுள்ள தகட்டைத் தரையில் போல்ட் போட்டே ஆக வேண்டும். பொய்க்கூரைச் சட்டத்தில் கம்பி கட்டுவது ஆபத்து. அது அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல.

பெட்டியில் அமுங்கி வந்த கிளைகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொன்றையும் வேறு வேறு கோணத்தில் வளையுங்கள். பலர் அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான். நடைபாதைக்கு மேல் 2.1 மீட்டருக்குக் கீழே கிளை இறங்கக் கூடாது. தீயணைப்பு நீர்த்தெளிப்பானுக்கு அடியில் அரை மீட்டராவது காலியாக இருக்கட்டும். இலைக்கூட்டம் மறைத்தால் தண்ணீர் பரவாது.

தீ எளிதில் பற்றாத தன்மை பிளாஸ்டிக்கிலேயே கலந்ததா, மேலே தெளித்ததா என்று கேட்டு, சோதனைச் சான்றிதழையும் வாங்குங்கள். தெளித்தது கழுவக் கழுவப் போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது முதலில் உலர்ந்த தூரிகையால் தூசி தட்டிவிட்டுத்தான் ஈரத்துணி. முறை மாறினால் தூசி சேறாகி நரம்புகளில் அப்பிக்கொள்ளும். எண்ணெய்ப் பளபளப்புத் தெளிப்பான் கூடவே கூடாது. சமையலறைக் கதவோரம் நிற்கும் மரத்துக்கு இந்தச் சுத்தம் வாரம் ஒரு முறை.