எட்டோரிகாக்சிப், நாப்ராக்ஸன், அசெக்ளோஃபெனாக்: என் முட்டுவலி அனுபவம்

தக்கலையில் இருக்கும் மைனி போன வாரம் போனில் கேட்டாங்க: "தம்பி, நீ போடுற முட்டு மாத்திரைக்குப் பேரு என்ன? மெடிக்கல்ல சொல்லி வாங்கிக்கிடுதேன்." மைனிக்கும் பிரஷர் உண்டு, எனக்கும் உண்டு. அதனால் பேரை மட்டும் சொல்லிவிட்டு விட மனசு வரவில்லை.

எனக்கு இரண்டு முட்டிலும் தேய்மானம். குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, பால் வெட்டுவதும் நான்தான். தாழ்ந்த பட்டையில் வெட்டக் குத்தவைத்து உட்கார வேண்டும், எழும்ப வேண்டும், உடனே அடுத்த மரம். வலி மாத்திரையின் லட்சணம் அந்த எழும்பலில் தெரிந்துவிடும்.

முதலில் எழுதித் தந்தது அசெக்ளோஃபெனாக் 100, பாரசிட்டமால் சேர்ந்தது, காலை இரவு. வலிக்குக் கேட்கும், ஆனால் ராத்திரி போட்டதன் பலம் விடியும் முன்பே இறங்கிவிடும். வெட்டுக்குப் போகிற நேரமே அதுதான். நெஞ்செரிச்சல் வேறு.

அடுத்தது எட்டோரிகாக்சிப் 60. ஒரு நாளைக்கு ஒன்று போதும், ஏனென்றால் உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 22 மணி நேரம் போல ஆகும். சிரட்டையைச் சரிசெய்யக் குனிந்தால் தொடையில் கை ஊன்றாமல் நிமிர முடிந்தது. வயிறும் சும்மா கிடந்தது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் காக்ஸ்-2 நொதியைத்தான் இது குறிவைக்கிறது, இரைப்பையைக் காக்கும் காக்ஸ்-1 பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. வலியைப் பொறுத்தவரை இதற்கு ஈடான மாத்திரையை நான் போட்டதில்லை.

ஆனால் கால் வீங்கியது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். கணுக்காலுக்கு மேல் விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெள்ள மெள்ளத்தான் நிரம்பும். கட்டுக்குள் இருந்த பிரஷர் 160/100.

என் கோபம் மாத்திரை மேல் இல்லை. எழுதித் தந்தவரும் கேட்கவில்லை, கவுண்டரில் எடுத்துத் தந்தவரும் கேட்கவில்லை: "பிரஷருக்கு மாத்திரை போடுறீங்களா?" இதற்கு எத்தனை நேரம் ஆகும்? பிரஷர் 140/90க்கு மேலேயே நிற்கிறவர்களுக்கு எட்டோரிகாக்சிப் கூடாது. அட்டையைக் கத்தரியால் வெட்டி நாலு மாத்திரை தந்தால், எச்சரிக்கை எழுதியிருக்கிற பாகம் கடையிலேயே தங்கிவிடுகிறது. இதே குடும்பத்து ரோஃபெகாக்சிபை மாரடைப்பு அபாயத்தால் 2004இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகுமா கேட்காமல் தருவது?

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: அசெக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் உட்பட இந்த வகை வலி மாத்திரை எல்லாமே பிரஷரை ஏற்றக்கூடியவைதான், உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைப்பவைதான். எட்டோரிகாக்சிபில் அது கூடுதல். நான் பிரஷருக்குப் போடுவது டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. அதோடு இந்த வகை வலி மாத்திரை எது சேர்ந்தாலும் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையலாம், வயசானவர்களுக்கு இன்னும் ஆபத்து. மைனியிடம் சொன்னேன்: கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்க, பிரஷர் மாத்திரை அட்டையை முழுசாக எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்க, என் மாத்திரை பேரு உங்களுக்கு வேண்டாம்.

இப்போது வேறொரு டாக்டர் எழுதித் தந்தது நாப்ராக்ஸன் 250, வலி கூடின நாட்களில் மட்டும், சாப்பாட்டுக்கு முன் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல். முட்டில் தேய்க்க டைக்ளோஃபெனாக் ஜெல், அது ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். இதயத்தைப் பொறுத்தவரை நாப்ராக்ஸனுக்கு நல்ல பேர் உண்டு, வயிற்றுக்குத்தான் கடுப்பு. எட்டோரிகாக்சிப் குடும்பத்துச் செலகாக்சிபும் ஒரு வழி என்றார்; 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அளவான டோஸில் அது இதய விஷயத்தில் நாப்ராக்ஸனைவிட மோசமாக இல்லை. நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

நாப்ராக்ஸன் போட்டால் வலி முக்கால்வாசிதான் போகிறது. எழும்பும்போது மரத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது, பிரஷரும் இறங்கிவிட்டது. வலிக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் எட்டோரிகாக்சிபுக்குத்தான் முதலிடம் தருவேன். ஆனாலும் இனி அதைத் தொடமாட்டேன், பிரஷர் உள்ள யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.